ஏழு குதிரை

உக்காருங் தம்பி. அந்தச் சேர் வேண்டாம், அதுக்குக் கால் ஆடும். இதுல உக்காருங்க. வண்டியக் கழுவிட்டிருக்காங்க, துடைச்சு வெளிய எடுக்கறதுக்குக் கொஞ்சம் நேரமாகும். திண்டுக்கல்லுல இருந்து அவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, டீ சொல்லியிருக்கறேன். அதுக்குள்ள இந்தப் பன்னைச் சாப்பிடுங்க. தேங்காய் பன்னு. நல்லாத்தான் இருக்கும். நல்லா இருக்கறதுதான் எனக்குப் பிரச்சினையே. அவன் கடைப் பன்னுங்க அது.

அவன்னா நந்தகோபாலு. உங்ககிட்டப் போன்ல பேசினானே, அவந்தான். நீங்க பாக்க வந்த வண்டி அவனுது. எனக்குச் சகலை ஆகணும். என்ற சம்சாரம் பூங்கொடியோட தங்கச்சி தேன்மொழியக் கட்டினவன். என்ற பேரு வெள்ளியங்கிரிங்க. கணபதியில மோட்டாருக்குக் காயில் கட்டற பட்டறை வெச்சிருக்கறேன். அவனுக்குச் சிங்காநல்லூர்ல பேக்கரி. அவனேதான் வந்து வண்டியக் காட்டியிருக்கணும். எங்க மாமனாருக்கு முட்டியில ஆபரேசன் பண்ணியிருக்குது, நடக்கப் பழக்கறதுக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். "நீங்களே காட்டிருங்கண்ணா, அந்த வண்டியப் பத்தி உங்களைவிட யாருக்குத் தெரியும்"ன்னான். அது என்னமோ நெசந்தான். அந்த வண்டியப் பத்தி நான் யோசிச்ச அளவுக்கு அவன் யோசிச்சிருக்க மாட்டான்.

மொதல்லயே ஒண்ணு சொல்லிப்போடறேன். நான் பொறாமை புடிச்சவன் இல்லீங்க. யாரை வேணாலும் கேளுங்க. பூங்கொடியக் கேக்காதீங்க, அவ வேற மாதிரி சொல்லுவா.

அந்தா, வேப்ப மரத்தடியில வெள்ளையா ஒண்ணு நிக்குது பாருங்க. அது என்றது. உள்ள கழுவறாங்களே, அதுவும் வெள்ளை. ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே மாசம் ரோட்டுக்கு வந்தது. டர்போ பெட்ரோல். மொதல்ல புக் பண்ணினது நானு. மாமனார் வீட்டுல ஒரு ஞாயித்துக்கிழமை கறிச்சோறு சாப்பிட்டுட்டிருக்கையில, இந்த மாதிரி இந்த வண்டி எடுக்கறேன்னு சொன்னேன். அடுத்த வாரம் அவனும் அதையே எடுத்துட்டான். கேட்டா, "அண்ணா பாத்து எடுத்தா தப்பா இருக்குமா"ங்கறான். திட்டவும் முடியல.

எங்க மாமனாரு அந்தக் காலத்துல ரெண்டு லாரி வெச்சு ஓட்டினவரு. அவரே ஸ்டியரிங் புடிச்சு பம்பாய் வரைக்கும் லோடு கொண்டுபோனவரு. வண்டி சத்தத்தை வெச்சே அதுக்கு என்ன நோவுன்னு சொல்லிப்போடுவாரு. அவரு வாயில இருந்து ஒரு வண்டியப் பத்தி நல்ல வார்த்தை வாரது சாமானியம் இல்லீங்க. நான் கல்யாணம் பண்ணின நாள்ல இருந்து விசேசத்துக்குப் போறதுன்னா அவருக்கு என்ற வண்டி முன்சீட்டுதான். பெரிய மாப்பிள்ளை வண்டியில மாமனாரு வந்து எறங்கினார்னா அதுக்கு ஒரு மதிப்பு இருக்குதில்லீங்களா? ஒறம்பரைன்னு வந்த சொந்தபந்தம் பூராவும் பாக்குமில்ல?

ஒரு நாள் காது குத்துக்கு அவன் வண்டியில வந்து எறங்கினாரு. அதுகூடப் பரவால்லீங்க. எறங்கி, வேட்டியச் சரி பண்ணிட்டு, நேரா என்றகிட்ட வந்து சொன்னாரு: "ஏனுங் மாப்ள, சின்னவரு வண்டி நல்ல இழுவைங்க."

என்றகிட்ட வந்து சொல்றாரு!

"என்றதும் அதே வண்டிதானுங் மாமா"ன்னேன். "இருக்கும், இருக்கும்"னுட்டுப் பந்திக்குப் போயிட்டாரு. அந்த 'இருக்கும்' இருக்குது பாருங்க, அது இன்னிக்கும் எனக்கு செமிக்கல. அன்னிக்கு முடிவு பண்ணினேன். இந்த மனுசன் வாயால என்ற வண்டிய இழுவைன்னு, எஞ்சினுக்குத் தெம்பு இருக்குதுன்னு, சொல்ல வெக்காம உடறதில்லைன்னு. வேற எதுவும் வேண்டாமுங்க எனக்கு. அந்த ஒரு வார்த்தை போதும்.

அப்பத்தான் நாம இப்ப உக்காந்திருக்கற இந்தப் பட்டறையப் பத்திக் கேள்விப்பட்டேன். பெனடிக்ட்டு, அந்தா லேப்டாப்போட நிக்கறானே, அவந்தான் முதலாளி. எஞ்சினுக்குள்ள ஒரு கம்ப்யூட்டர் இருக்குதுங்க. எவ்வளவு பெட்ரோல் உடறது, டர்போ எவ்வளவு காத்தை அமுத்தித் தள்ளறதுன்னு அதுதான் சொல்லும். கம்பெனிக்காரன் பயந்து பயந்து எழுதி வெச்சிருப்பான். பெனடிக்ட்டு அதைத் தெறந்து மாத்தி எழுதுவான். ரீமேப்புன்னு பேரு. எழுதறதுக்கு முன்னாலயும் பின்னாலயும் வண்டிய அந்த ரோலர் மேல ஏத்தி ஓட்டுவான். டைனோன்னு சொல்றது அதைத்தான். வண்டி நின்ன எடத்துலயே நிக்கும், சக்கரம் மட்டும் ரோலரைச் சுத்தும், சக்கரத்துக்கு எத்தனை குதிரைசக்தி வருதுன்னு தெரையில விழும்.

ஒருத்தருக்கும் சொல்லாம வந்தேன். பூங்கொடிக்கும் சொல்லல. என்றதுக்கு இருபத்தாறு குதிரை எச்சா வந்துச்சு. நூறு இருந்தது நூத்தி இருபத்தாறு. அந்தத் தாளை மடிச்சு சட்டைப் பையிலயே வெச்சிருந்தேன்.

அந்த வாரமே திருப்பூர்ல ஒரு கல்யாணம். மாமனாரு அவன் வண்டியில. நான் வேணும்னே பொறகால பொறப்பட்டு, அவிநாசி ரோட்டுல அவனைப் புடிச்சு, விர்ருன்னு தாண்டினேன். பூங்கொடி "என்னங்க இது, என்னங்க இது"ன்னு கத்தறா. நான் மண்டபத்துக்கு மொதல்லயே போயி வாசல்ல நின்னுட்டேன். மாமனாரு எறங்கி வந்தாரு. பக்கத்துல வந்தாரு. நான் சட்டைப் பையில இருந்த தாளைத் தொட்டுப் பாத்துக்கறேன்.

"ஏனுங் மாப்ள, வயித்தால போவுதுங்களா? அவ்வளவு அவசரமா வந்தீங்க?"

சிரிக்காதீங் தம்பி. அன்னிக்கு மண்டபத்துல எனக்கு மோர் வாங்கிக் குடுத்தாங்க. மூணு பேரு வாங்கிக் குடுத்தாங்க.

ஆனா நந்தகோபாலு கண்டுபுடிச்சுட்டான். கை கழுவற எடத்துல வந்து, "அண்ணா, வண்டிய என்னமோ பண்ணியிருக்கீங்க. சூப்பருங்கண்ணா! எங்க பண்ணினீங்க?"ன்னு கேக்கறான். மூஞ்சி பூராவும் சந்தோசம். தாண்டிட்டுப் போனவனைப் பாத்து எவனாச்சும் சந்தோசப்படுவானா? நடிப்புன்னுதான் நெனைச்சேன். இப்பவும் அப்படித்தான் நெனைக்கறேன். நான் வேற ஒரு பட்டறைப் பேரைச் சொல்லிட்டேன். பொய்யின்னு இல்ல, அந்நேரத்துக்கு வாயில வந்தது அதுதான். அவன் அங்க போயிருக்கறான். அவங்க, "இதுக்கெல்லாம் பெனடிக்ட்கிட்டப் போங்க"ன்னு இங்கயே அனுப்பி வெச்சுட்டாங்க. அவன் வந்து பெனடிக்ட்கிட்ட, "அண்ணாவுக்குப் பேரு மறந்துபோச்சாட்ட இருக்குது"ன்னு சொல்லியிருக்கறான். அப்படி நெனைக்கற ஆளை என்னதாங்க பண்றது?

சரி, போட்டானா? முப்பத்திமூணு.

முப்பத்திமூணு குதிரை எச்சா, தம்பி. என்றதுக்கு இருபத்தாறு. ஒரே வண்டி, ஒரே எஞ்சின், ஒரே லேப்டாப்பு, எழுதினது அதே பெனடிக்ட்டு. ஏழு குதிரை எங்க போச்சு?

அன்னிக்குச் சாயந்தரமே இங்க வந்து சண்டை போட்டேன். இந்த மேசையத் தட்டித்தான் கேட்டேன், ஏழு குதிரை எங்கடா போச்சுன்னு. பெனடிக்ட்டு அமைதியாச் சொல்றான்: "அண்ணா, நீங்க வந்தது சித்திரை வெயில்ல, உச்சி நேரத்துல. அவரு வந்தது தூத்தல் போட்டுட்டிருந்த காலையில. காத்து குளுகுளுன்னு இருந்தா எஞ்சினுக்கு மூச்சு நல்லா ஏறும். அப்பறம் அவரு நல்ல பெட்ரோல் போட்டுட்டு வந்தாரு. உங்ககிட்டயும் சொன்னேன், நீங்க எல்லாம் ஒரே பெட்ரோல்தான்னீங்க. இன்னொண்ணு, நீங்க ஓட்டையில கிளச்சு மேலயே காலை வெச்சிருக்கீங்க. அது தேஞ்சு லேசா வழுக்குது."

நான் கிளச்சு மேல கால் வெக்கறதே இல்லீங்க. சும்மா தொட்டுட்டு இருப்பேன், அவ்வளவுதான். ஒரு பாதுகாப்புக்கு.

உண்மை என்னன்னு எனக்குத் தெரியாதுங்களா? அவன் வரையில ஒரு பெட்டி தேங்காய் பன்னு கொண்டாந்து இங்க வேலை செய்யறவங்களுக்கெல்லாம் குடுத்திருக்கறான். பன்னு தின்னவன் கை எப்படி எழுதும்? நீங்களே சொல்லுங்க. நான் ஒரு மோட்டாரு காயிலாச்சும் கொண்டாந்து குடுத்திருந்தா என்றதுக்கும் முப்பத்திமூணு வந்திருக்கும்.

உடலீங்க நானு. மார்கழியில ஒரு நாள், பல்லு தந்தியடிக்கற குளுருல வந்தேன். விலை எச்சான பெட்ரோலு போட்டேன். அதோட உட்டனா? வண்டி லேசா இருந்தா இன்னும் நல்லா வரும்னு, டிக்கியில இருந்த ஸ்டெப்னிய எறக்கி ஊட்டுலயே வெச்சுட்டேன். ஜாக்கி, கால்மிதி, பின்சீட்டு மெத்தை, பூங்கொடி வெச்சிருந்த குடை, எல்லாத்தையும் எடுத்துட்டேன். பெனடிக்ட்டு பின்கதவைத் தெறந்து பாத்துட்டு அப்படிச் சிரிக்கறான்.

"அண்ணா, வண்டி ரோலர் மேல நின்ன எடத்துல நிக்குது. சக்கரம்தான் சுத்துது. நீங்க டிக்கியில யானைய ஏத்தினாலும் ஒண்ணுதான், எறக்கினாலும் ஒண்ணுதான்."

எல்லாருக்கும் முன்னால சொல்றான். சரி, இருக்கட்டும். அன்னிக்கு முப்பது வந்துச்சு. நாலு ஏறுச்சு. ஆனாலும் மூணு கொறைதான். பின்சீட்டைத் திரும்ப மாட்டினேன். ஸ்டெப்னியும் ஜாக்கியும் ஊட்டுலயே கெடக்கட்டும்னு உட்டுட்டேன். ரோலருக்கு ஆகாட்டியும் மலையேத்தத்துக்கு ஆகுமில்ல? அது கணக்கு சரிதானுங்களே. மலையில எடை கொறைஞ்சா இழுவை எச்சாத்தான இருக்கும்?

ஏன்னா, தை மாசம் கோத்தகிரியில புதுமனை புகுவிழா. மாமியாருக்கு அண்ணன் மகன் கட்டின ஊடு. மலைன்னா டர்போவுக்குத்தான் மவுசு. நான் முந்தின வாரமே மாமனாருக்குப் போன் பண்ணி, "மாமா, இந்தத் தடவை நீங்க என்ற வண்டியில, முன்சீட்டுல"ன்னு சொல்லி வெச்சுட்டேன். "சரிங் மாப்ள, அதுக்கென்ன"ன்னாரு. பொம்பளைங்க பூராத்தையும் அவன் வண்டியில ஏத்தியுட்டேன். பூங்கொடி மட்டும் என்ற வண்டிப் பின்சீட்டுல, அவ வேற வழியில்லாம வந்தா.

மேட்டுப்பாளையம் தாண்டி ஏத்தம் ஆரம்பிச்சுது. நந்தகோபாலு பொறகால வாரான். நான் அவசரப்படலீங்க. அன்னிக்குத் திருப்பூர்ல அவசரப்பட்டுத்தான கெட்டேன். ஒரு வளைவு, ரெண்டு வளைவு, மெதுவாவே போனேன். அப்பறம் ஒரு நேரான ஏத்தம் வந்துச்சு. ரெண்டாவது கியரைப் போட்டு மிதிச்சேன் பாருங்க! டர்போ காத்தை இழுக்கற அந்தச் சத்தம், உஸ்ஸுன்னு. வண்டி அப்படியே நெஞ்சை நிமுத்துது. நான் ஓரக்கண்ணுல மாமனாரைப் பாக்கறேன். அவரு நிமுந்து உக்காந்தாரு. முன்னால கையக் காட்டினாரு. வாயத் தெறந்தாரு.

"மாப்ள..."ன்னாரு.

அடுத்த வார்த்தை வாரதுக்குள்ள டமார்னு ஒரு சத்தம். எடது பக்கத்து முன்சக்கரம் ஒரு கல்லுமேல ஏறி, டயர் கிழிஞ்சுபோச்சு.

அவரு என்ன சொல்ல வந்தாருன்னு நெனைக்கறீங்க? எனக்குத் தெரியும். இழுவைன்னுதான் சொல்ல வந்தாரு. வாயில இருந்துச்சுங்க அந்த வார்த்தை. பூங்கொடி என்னமோ, "கல்லுன்னு சொல்ல வந்தாருங்க, கைகாட்டினாரில்ல"ங்கறா. அவளுக்கென்ன தெரியும், பின்சீட்டுல உக்காந்திருந்தவளுக்கு?

எறங்கி டிக்கியத் தெறந்தேன். உங்களுக்கே தெரியும் உள்ள என்ன இருந்துச்சுன்னு. ஒண்ணும் இல்ல. மாமனாரு பக்கத்துல வந்து எட்டிப் பாத்தாரு. "ஸ்டெப்னி எங்கீங் மாப்ள?"ன்னாரு. பம்பாய் வரைக்கும் லோடு அடிச்ச மனுசன்கிட்ட, எடை கொறைக்கறதுக்கு ஊட்டுல வெச்சுட்டு வந்தேன்னு சொல்ல முடியுங்களா? பஞ்சர் பாக்கக் குடுத்திருக்குதுன்னேன். "ஜாக்கியுமா?"ன்னாரு.

அதுக்குள்ள நந்தகோபாலு வந்து நிறுத்திட்டான். பட்டு வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு, அவன் டிக்கியில இருந்து ஸ்டெப்னியும் ஜாக்கியும் எடுத்தான். ஒரே மாடல் இல்லீங்களா, அச்சா உக்காந்துக்குச்சு. மண்ணுல முட்டி போட்டு உக்காந்து அவந்தான் மாட்டினான். நான் நட்டைக் கையில வாங்கி வெச்சுட்டு நின்னேன். வேட்டியில பூரா கரி. தேன்மொழி "ஐயோ, புது வேட்டி"ங்கறா. அவன், "அண்ணா வண்டி நம்ம வண்டி"ங்கறான்.

சரி, முடிஞ்சுது, இனிமேலாச்சும் மிதிக்கலாம்னு ஏறி உக்காந்தேன். மாமனாரு கதவைச் சாத்திட்டு என்ன சொன்னாருன்னு நெனைக்கறீங்க?

"மாப்ள, சின்னவரு வண்டியில இப்ப ஸ்டெப்னி இல்ல. பொம்பளைங்க அதுல வாராங்க. அவரை முன்னால உட்டுட்டு, நீங்க பொறகாலயே பாத்துப் போங்க. தாண்டிப்போடாதீங்க."

கோத்தகிரி வரைக்கும் தம்பி! நூத்தி முப்பது குதிரைய வெச்சுட்டு, அவன் நம்பர் பிளேட்டைப் பாத்துட்டே போனேன். வளைவுக்கு வளைவு அவன் கைய வெளிய நீட்டி, "வாங்கண்ணா, வாங்கண்ணா"ன்னு காட்டறான். மாமனாரு என்ற பக்கத்துல முன்சீட்டுலதான் உக்காந்திருக்கறாரு. ஆனா கண்ணு பூரா முன்னால போற வண்டி மேலதான். எறங்கி வாரப்பவும் அதே கதைதான். எனக்கு அழுகை வந்துருச்சுங்க. நெசமாத்தான் சொல்றேன். தூசி விழுந்துருச்சுன்னு கண்ணைத் தொடச்சுட்டேன்.

திரும்பி வந்ததும் மொத வேலையா புது டயர் போட்டு, அந்தச் சக்கரத்தோட அவன் ஊட்டுக்குப் போனேன். "உன்ற சக்கரத்தைக் கழட்டித் தாரேன், மாத்திக்கலாம்"ன்னேன். "எதுக்குங்கண்ணா மெனக்கெடறீங்க, இதை என்ற டிக்கியில போட்டுருங்க. அதுவும் இதுவும் ஒண்ணுதான"ன்னான்.

ஒண்ணுதானாம்! நான் இத்தனை மாசமா எதுக்குங்க ஓடிட்டிருந்தேன்?

இன்னிக்கும் என்ற வண்டியில எடது பக்கத்து முன்சக்கரம் அவனுது. நீங்க டிக்கியத் தெறந்தீங்கன்னா ஒரு ஸ்டெப்னி இருக்கும், டயர் புதுசு. அது என்றது. ஓடாதது. வண்டிய வாங்கினீங்கன்னா அதுவும் உங்களோட திண்டுக்கல்லு வந்துரும்.

ஏன் விக்கறான்னு கேக்கறீங்களா? வண்டியில கொறையே இல்லீங்க. மாமனாருக்கு முட்டி ஆபரேசன் பண்ணினதுல, தாழ்ந்த சீட்டுல உக்காந்து எந்திரிக்க முடியல. அதுக்காக இதைக் குடுத்துட்டு, ஒசரமா, பெருசா, ஒரு டீசல் வண்டி எடுக்கறானாம். மெதுவாத்தான் போகுமாம். போகட்டும்ங்கறான். அவருக்குக் காலை நீட்டி உக்காந்தாச் சரிங்கறான். முட்டிக்காக வண்டிய மாத்தறான், பாத்துக்குங்க! நான் மாத்த மாட்டனா? நானும் மாத்துவேன். எனக்குத் தோணல, அவ்வளவுதான். மொதல்ல தோணினவனுக்குப் பேரு.

இனிமேல் எங்க குடும்பத்துலயே வேகமான வண்டி என்றதுதான். ஏழு குதிரையும் இல்ல, மூணு குதிரையும் இல்ல. நான்தான் மொதல்ல. சந்தோசமா இருக்கணுமில்லீங்களா? என்ற வண்டிய நேத்தே இங்க உட்டுட்டு, இன்னிக்குக் காலையில இந்த வண்டிய அவன் ஊட்டுல இருந்து எடுத்துட்டு வாரப்ப எனக்கு மனசு பொக்குன்னு போச்சு. இது போயிட்டா நான் எதோட போட்டு அளக்கறது? அந்த டீசல் வண்டியத் தாண்டினா மனுசன் மதிப்பானா?

அந்தா, கொண்டாந்துட்டாங்க. பளபளன்னு இருக்குதில்ல? பெனடிக்ட்டு ரோலர்ல ஏத்திக் காட்டட்டுமான்னு கேப்பான். வேண்டாம்னு சொல்லிருங் தம்பி. ரோட்டுல ஓட்டிப் பாத்தாப் போதும். நல்லாத்தான் இருக்கும். விலையெல்லாம் அவன்கிட்டயே பேசிக்குங்க.

இருங்க, இருங்க. அதுல ஏறாதீங்க. ஒரு உபகாரம். இந்தாங்க, புடிங்க. இது என்ற வண்டிச் சாவி. மொதல்ல அதை ஓட்டுங்க, சூலூர் வரைக்கும் போயிட்டு வரலாம். நீங்க வெளியாளு, உங்களுக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான். ரெண்டாவது கியர்ல நல்லா மிதிங்க, பயப்படாதீங்க, இப்ப டிக்கியில ஸ்டெப்னி இருக்குது. கிளச்சு மேல மட்டும் காலை வெக்காதீங்க.

நானும் வாரேன். முன்சீட்டுல உக்காந்துக்கறேன். வண்டி வாங்கின நாள்ல இருந்து அந்தச் சீட்டுல நான் உக்காந்து போனதே இல்லீங்க. இழுவை அங்கிருந்து பாத்தா தெரியுதான்னு பாக்கறேன்.